பித்து, பேய், பிணி: வித்துரா மலையடிவாரத்தில் பிறழ்நிலை உளவியல்

பிறழ்நிலை உளவியல் என்பது மனிதரின் நடத்தையிலும் உணர்விலும் சிந்தனையிலும் தோன்றும் பிறழ்வுகளை விவரித்து, வகைப்படுத்தி, அவற்றின் காரணங்களையும் போக்கையும் ஆராயும் துறை. இதில் முதல் சொல்லே சிக்கலானது. பிறழ்வு என்றால் ஏதோ ஒரு கோட்டிலிருந்து விலகியது என்று பொருள். அந்தக் கோட்டை வரைந்தது யார் என்ற கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த பதில்களே இத்துறையின் வரலாறு. பாடநூல்கள் அந்த வரலாற்றைப் படிக்கட்டாகச் சொல்லும்: முதலில் பேய், பிறகு பித்தம், அடுத்துக் காப்பகம், அப்புறம் மூளை, கடைசியில் மனமும் சமூகமும்.

திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடிக்கும் அகத்தியர்கூடத்துக்கும் போகும் வழியில் இருக்கிற வித்துராவில் நின்று பார்த்தால் அந்தப் படிக்கட்டு கண்ணில் படாது. காட்டோரக் குடியிருப்பில் காணிக்காரப் பழங்குடியின் வைத்தியப் பூசாரியான பிளாத்தி பாடுகிறார். கடைத்தெருவில் ஆயுர்வேத வைத்தியர் கஷாயம் எழுதிக் கொடுக்கிறார். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பேருந்துப் பயணத்தில் 1870இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கிறது. ஒரே குடும்பம் ஒரே நோய்க்காக இந்த மூன்று வாசல்களையும் மிதிப்பது இங்கே வியப்புக்குரியதல்ல.

கோடு எங்கே

பிறழ்வை அடையாளம் காண நான்கு அளவுகோல்கள் வழக்கில் உள்ளன. அரிதானது பிறழ்வு என்பது ஒன்று. எண்ணிப் பார்க்க வசதியான அளவுகோல்தான். ஆனால் அபார நினைவாற்றலும் அரிது, அதை யாரும் நோய் என்பதில்லை. சமூக நெறியை மீறுவது பிறழ்வு என்பது இன்னொன்று. ஒருவர் படும் வேதனையைப் பார்க்கச் சொல்வது மூன்றாவது. தூக்கம், உழைப்பு, உறவு என அன்றாடம் முடங்கிப்போனதா என்று கேட்பது நான்காவது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிப்பதை ஐந்தாவதாகச் சேர்ப்பவர்களும் உண்டு. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோரால் யாருக்கும் தீங்கு நேர்வதில்லை என்பதால், அந்த அளவுகோல் செய்த நன்மையைவிடக் கெடுதலே அதிகம்.

இவற்றுள் எதுவும் தனித்து நிற்காது. கேரளத்து வாய்மொழி மரபில் நாறாணத்துப் பிராந்தன் என்று ஒருவர் உண்டு. பறையி பெற்ற பன்னிரு குலத்தில் ஒருவர். இராயிரநல்லூர் மலைமேல் பாறையை நாளெல்லாம் உருட்டி ஏற்றி, உச்சியில் கைவிட்டு, அது உருண்டு போவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பாராம். அரிதான நடத்தை, நெறியையும் மீறுகிறது. ஆனால் வேதனை இல்லை. சோறு சமைத்துத் தின்று நிம்மதியாகத் தூங்குகிறார். முதல் இரண்டு அளவுகோல்களின்படி அவர் நோயாளி. அடுத்த இரண்டின்படி இல்லை. ஊர் அவருக்குப் ‘பிராந்தன்’ என்று பெயரிட்டு ஞானியாகக் கும்பிட்டது. சிவனைப் பித்தன் என்று அழைத்துப் பழகிய தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது.

சூழலும் கோட்டை நகர்த்தும். அந்தி சாய்ந்தபின் வெளியே காலடி வைக்க அஞ்சி நடுங்குகிறார் ஒருவர். நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் இது பதற்றக் கோளாறாக இருக்கலாம். யானை இறங்கும் வித்துரா மலைப்பாதையில் இதற்குப் பெயர் புத்தி.

சமூக நெறியை மட்டும் அளவுகோலாக்கினால் நேர்வதற்கு உலகறிந்த சான்று உண்டு. தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது, 1973இல் எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது. அந்த மனிதர்கள் மாறவில்லை, மாறியது பட்டியல்தான். நெறி என்று ஒரு சமூகம் பிடித்துக்கொண்டிருப்பதே பிறழ்வாக இருக்கவும் கூடும். சாதித் தீண்டாமையின் உச்சத்தைக் கண்ட விவேகானந்தர், 1897இல் சென்னையில் பேசும்போது மலையாள நாட்டு வீடுகளைப் பைத்தியக்கார விடுதிகள் என்று சாடினார். அங்கே நெறி தவறாமல் நடந்தவர்களைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

1992இல் ஜெரோம் வேக்ஃபீல்டு முன்வைத்த வரையறை இன்றும் விவாதிக்கப்படுகிறது. உள்ளே ஏதோ ஓர் இயக்கம் தன் வேலையைச் செய்யத் தவற வேண்டும். அந்தத் தவறுதல் அந்த மனிதருக்குத் தீங்காகவும் இருக்க வேண்டும். முதல் பாதியை அறிவியல் தீர்மானிக்கும், இரண்டாம் பாதியைச் சமூகம் தீர்மானிக்கும் என்பது அவர் கருத்து. முதல் பாதிக்கு உறுதியான சோதனை எதுவும் பெரும்பாலான மனநோய்களுக்கு இன்றுவரை இல்லை என்பதுதான் தொல்லை.

இறங்கிவந்தது யார்

காணிக்காரர் அகத்தியர் மலைச் சரிவுகளின் தொல்குடிகள். மலையாளமும் தமிழும் கலந்த அவர்களுடைய பேச்சுக்கு மலம்பாஷை என்று பெயர். ஊர்த் தலைவர் மூட்டுக்காணி. வைத்தியமும் பூசையும் பார்ப்பவர் பிளாத்தி. தீராத நோயும் காரணம் தெரியாத கலக்கமும் வந்தால் சாற்றுப்பாட்டு நடக்கும். சாற்றுதல் என்ற சொல் தமிழருக்குத் தெரிந்ததுதான். கையில் கொக்கரை: பக்கவாட்டில் பற்கள் வெட்டிய இரும்புக் குழல். அதை இன்னொரு இரும்புக் கம்பியால் உரசினால் ‘கரகர’வென்று ஓயாத ஓசை எழும். அதன் தாளத்தில் பிளாத்தி இரவு முழுவதும் மலைத் தெய்வங்களையும் மூதாதையரையும் பெயர் சொல்லி அழைத்துப் பாடுகிறார். நோயாளி நடுவில், சுற்றிலும் உறவும் குடியிருப்பும். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பு இந்த மக்களின் மந்திரப் பாடல்களைப் பதிவு செய்திருக்கிறது.

நோயை வெளியிலிருந்து வந்த ஒன்றாகப் பார்ப்பது மனித குலத்தின் மிகப் பழைய விளக்கம். எறணாகுளம் மாவட்டத்துச் சோற்றானிக்கரையில் கீழ்க்காவின் குருதி பூசையும், பாலைமரத்தில் அறைந்த ஆணிகளும் அதே விளக்கத்தின் கோயில் வடிவம். திருச்சி அருகே குணசீலம் கோயிலில் மனநோயாளிகள் 48 நாள் தங்குவதும் அந்த வரிசையில் சேரும். இந்த விளக்கத்தில் ஒரு வசதி உண்டு: குற்றம் நோயாளியுடையதல்ல, வந்தேறியுடையது. ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வந்ததை விரட்ட அடிப்பதும் சூடு போடுவதும் நோயாளியின் உடம்பில்தான் விழும்.

வித்துராவுக்கு மேலே போணக்காடு தேயிலைத் தோட்டத்தில் பாழடைந்த பங்களா ஒன்று இருக்கிறது. வெள்ளைக்கார மேலாளர் குடும்பத்துச் சிறுமி அங்கே இறந்துபோனாள் என்றும், பிற்காலத்தில் விறகு பொறுக்கப் போன உள்ளூர்ப் பெண் ஒருத்தி திரும்பி வந்து, படிப்பே இல்லாதவள் ஆங்கிலம் சரளமாகப் பேசினாள் என்றும் ஊர்க்கதை உண்டு. கதைதான்; ஆனால் அதன் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். 1993இல் வந்த ‘மணிச்சித்ரத்தாழ்’ படத்தில் மலையாளக் குடும்பத்துப் பெண் கங்காவுக்குள் தஞ்சாவூர் நடனக்காரி நாகவல்லி புகுந்து தமிழ் பேசுகிறாள். போணக்காட்டில் அந்நிய மொழி ஆங்கிலம்; படத்தின் தறவாட்டு வீட்டில் அது தமிழ். ஒடுங்கிக் கிடக்கும் பெண்ணுக்குள் இறங்கி வருவது எப்போதும் தடையின்றிப் பேசக்கூடிய இன்னொருத்தி. உளவியல் இதை விலகல் நிலை என்கிறது: தாங்க முடியாத நெருக்கடியில் நினைவும் தன்னுணர்வும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நிற்பது. ஒருவர் மெய்யாகவே படிக்காத மொழியைப் பேசினார் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. ஆனால் உடம்பும் குரலும் மாறி வேறொருவராக நடப்பது மருத்துவர்கள் அடிக்கடி காணும் நிலை.

கோயில் வைத்தியத்தை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளுவோருக்குச் சங்கடம் தரும் ஆய்வு ஒன்று 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரை ரகுராமும் குழுவினரும் தேர்ந்த அளவுகோல் கொண்டு மதிப்பிட்டார்கள். வரும்போது இருந்ததைவிடப் போகும்போது நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன. அங்கே ஆவேசச் சடங்கும் இல்லை, சங்கிலியும் இல்லை. காலையில் எளிய பூசை, பகலில் கோயில் வேலை, கூடவே குடும்பத்தார் ஒருவர். குறைந்தது எதனால் என்பதை ஊகிக்க இடமிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை என்பதால் ஊகம் ஊகமாகவே நிற்கும்.

பித்தம் தலைக்கேறுதல்

‘பைத்தியம்’ என்ற சொல்லுக்குள் பித்தம் இருக்கிறது. பித்தம் கெட்டு வருவது பைத்தியம். கிரேக்கர் சோக நோய்க்கு வைத்த பெயருக்கும் கரும்பித்தம் என்றே பொருள். இரு நாகரிகங்களும் தனித்தனியாக மனநோயை உடம்பின் கணக்கில் எழுதின. ஹிப்போகிரட்டீஸ் மரபினர் வலிப்பு நோய் தெய்வக் குற்றம் என்பதை மறுத்து, அது மூளையின் நோய் என்றார்கள். ஆயுர்வேத நூலான சரகசம்ஹிதை உன்மாதத்தை, அதாவது பைத்தியத்தை, ஐந்தாகப் பிரிக்கிறது: வாதம், பித்தம், கபம், மூன்றும் கூடியது, வெளியிலிருந்து வந்து பற்றியது. கடைசி வகையில் பழைய பேய் அப்படியே குடியேறியிருக்கிறது. புதிய கொள்கை பழையதை விரட்டவில்லை, ஓர் அறை கொடுத்து இருத்திக்கொண்டது. அதே நூல் உன்மாதத்தில் எவை எவை கெடும் என்று எட்டைச் சொல்கிறது: மனம், புத்தி, தன்னுணர்வு, நினைவு, விருப்பம், சுபாவம், உடல் அசைவு, ஆசாரம். இன்றைய மனநல மருத்துவர் நோயாளியின் முன் உட்கார்ந்து சோதிக்கும் பட்டியலும் இதிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை.

சித்த மருத்துவத்தில் மனநோய்க்குக் கிரிகை என்று பெயர்; அதில் 18 வகை. அதைச் சொல்லும் நூல்கள் அகத்தியர் பெயரில் வழங்குகின்றன. வித்துராவிலிருந்து போணக்காடு வழியாக ஏறும் 1868 மீட்டர் உயர மலையும் அதே அகத்தியரின் இருப்பிடமாகவே வணங்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் சர்ப்பகந்தி வேர் உன்மாதத்துக்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலம் கொடுக்கப்பட்டு வந்தது. கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் அதன் பலனை மருத்துவ இதழில் எழுதினார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது; 1954இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்த அழுத்தத்துக்காக அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு நோய் வந்தது. மூளையின் சில வேதிப்பொருள்களை ரெசர்பின் வற்றச் செய்வதும் தெரிந்தது. மனச்சோர்வு நோய்க்கு அந்த வேதிப்பொருள்களின் குறைவே காரணம் என்ற கருதுகோள் அங்கிருந்து முளைத்தது. அந்தக் கருதுகோளின் எளிய வடிவம் இன்று தேய்ந்துவிட்டது. அதிலிருந்து வளர்ந்த மாத்திரைகள் தேயவில்லை.

மதிலுக்குள்

காப்பகம் இந்தியாவுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு வந்தது. சென்னைப் புரசைவாக்கத்தில் வாலன்டைன் கானலி 1794இல் தனியார் காப்பகம் தொடங்கினார். கீழ்ப்பாக்கத்தில் அரசுக் காப்பகம் 1871இல் திறந்தது. மலபாரில் குதிரவட்டம் 1872, கொச்சி நாட்டில் திருச்சூர் 1889. திருவிதாங்கூரின் காப்பகம் ஆயில்யம் திருநாள் ஆட்சியில், 1870இல். அதுவே இன்று ஊளம்பாறையில் இருக்கும் மனநல மையம்.

ஐரோப்பாவில் காப்பகத்துக்கு மனிதநேய முகம் கொடுத்தவர் என்று பிரெஞ்சு மருத்துவர் பினெல் கொண்டாடப்படுகிறார். பாரிஸில் சங்கிலிகளை அவிழ்க்கும் ஓவியங்களில் அவர்தான் நடுவில் நிற்பார். ஆனால் பிசேட்ர் மருத்துவமனையில் முதலில் சங்கிலியைக் கழற்றியது பட்டம் பெறாத மேற்பார்வையாளர் பியூசான். வில்லியம் டியூக் 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வீடு போன்ற விடுதி ஒன்றைத் திறந்தார். ‘நன்னெறிச் சிகிச்சை’ எனப்பட்ட இந்த முறை நோயாளியைக் கட்டிப்போட வேண்டிய விலங்காகப் பார்க்காமல், வேலையும் மரியாதையும் கொடுத்தால் தேறக்கூடியவராகப் பார்த்தது. குடியேற்ற நாட்டுக் காப்பகங்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் மதில்தான். சட்டமும் அப்படியே: 1858இன் பித்தர் சட்டங்களும் 1912இன் சட்டமும் மருத்துவத்தைவிட அடைப்பதையும் சொத்தைக் காப்பதையும் பற்றியே அதிகம் பேசின.

இதன் தடம் மொழியில் தங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’, கோழிக்கோட்டில் ‘குதிரவட்டம்’, திருவனந்தபுரத்தில் ‘ஊளம்பாறைக்குக் கொண்டுபோக வேண்டும்’. மூன்று ஊர்ப்பெயர்கள் வசவுகளாகிவிட்டன. வசவாகிப்போன வாசலுக்குள் பெண்ணையோ பையனையோ கூட்டிப்போக எந்தக் குடும்பமும் தயங்கும். அந்தத் தயக்கத்தின் விலை ஏர்வாடியில் தெரிந்தது. இராமநாதபுரம் மாவட்டத்து அந்த ஊரின் தர்காவைச் சுற்றி மனநோயாளிகளை அடைத்துவைக்கும் தனியார் விடுதிகள் பெருகியிருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அவற்றில் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள்.

மூளையும் மனமும்

ஜெர்மானியர் எமில் கிரேப்பலின் 1883 தொடங்கித் தன் பாடநூலைப் பதிப்புக்குப் பதிப்பு திருத்தி, நோயின் போக்கை வைத்துப் பிரிக்கும் முறையை நிறுவினார். வந்து வந்து போவது ஒரு வகை, வந்து சிதைத்துக்கொண்டே போவது இன்னொரு வகை. பின்னதற்கு ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்று 1908இல் பெயர் மாற்றியவர் பிளாய்லர். உடல்சார் அணுகுமுறையின் பெரிய வெற்றி 1913இல் வந்தது. காப்பகங்களை நிரப்பிய ஒருவகை முடக்குப் பைத்தியம் மூளைக்குள் புகுந்த சிஃபிலிஸ் கிருமியால் வருவது என்பதை நோகுச்சியும் மூரும் நிரூபித்தார்கள். ஒரு பைத்தியத்துக்குக் கிருமி கிடைத்ததால் மற்றவற்றுக்கும் உடலில் காரணம் கிடைக்கும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. அந்த முடக்குப் பைத்தியத்துக்கு மலேரியாக் காய்ச்சலை ஊட்டுவது, பிறவற்றுக்கு மூளையை வெட்டுவது, மின் அதிர்ச்சி எனப் பலவும் வந்தன. மலேரியாவுக்கும் வெட்டுக்கும் நோபல் பரிசும் கிடைத்தது. இவற்றில் திருத்திய வடிவில் இன்றும் பரவலாகப் பயன்படுவது மின் அதிர்ச்சி மட்டும். மதிலைத் திறக்க வழிவிட்டது 1952இல் பாரிஸில் வந்த குளோர்ப்ரோமசின்.

மனம்சார் விளக்கம் வியன்னாவில் பிறந்தது. பிராய்டும் ப்ராயரும் 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வு, அடக்கப்பட்ட நினைவு உடல் நோயாக வெளிப்படும் என்றது. அந்தச் சிந்தனை கல்கத்தாவுக்கு விரைவிலேயே வந்தது. கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு, 1931இல், அந்தச் சங்கம் அனுப்பிய பரிசு திருவிதாங்கூர்த் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை. அது அவருடைய மேசையில் இடம் பிடித்தது. போஸ் எழுதியதற்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை: தன் இந்திய நோயாளிகளிடம் பிராய்டு சொன்ன அச்சங்கள் அதே வடிவில் தென்படவில்லை என்று அவர் எழுதினார். அதைச் சிலையளவுக்கு வியன்னா பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

நடத்தையியலாளர்கள் அடிமனத்தை ஒதுக்கிவிட்டு, அச்சம் கற்றுக்கொள்ளப்படுவது, ஆகவே மறக்கவும் கற்கலாம் என்றார்கள். ஆரன் பெக் முதலியோர் 1960களில் தன்னைப் பற்றியும் நாளையைப் பற்றியும் ஓடும் இருண்ட எண்ணங்களைப் பிடித்துச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று மனநல ஆலோசனையில் அதிகம் பயன்படுபவை இவ்விரண்டின் கலவைதான்.

ஒரே ஆள், மூன்று கணக்கு

போணக்காட்டுத் தோட்டம் நொடித்துவிட்டது. தேயிலை ஆலை பாழடைந்து கிடக்கிறது. லயங்களில் தமிழ் பேசும் பழைய தொழிலாளர் குடும்பங்கள் சில. அப்படியொரு லயத்தில் 45 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். தூக்கம் இல்லை. ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது, உச்சந்தலை எரியுது, ஒடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ என்கிறார். மனம் சரியில்லை என்று அவர் சொல்வதில்லை. அந்தச் சொல்லுக்கு வசவின் வாடை உண்டு. அவருடைய தாயும் இப்படித்தான் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். கூலி நின்றது, மகன் குடிக்கிறான். தாயிடமிருந்து வந்தது எளிதில் தளரும் தன்மை, கூலி நின்றது நெருக்கடி. இரண்டும் சேரும்போது நோய் எழுகிறது என்பது பால் மீல் 1962இல் மனச்சிதைவுக்காக வகுத்து, பிற நோய்களுக்கும் விரிந்த கொள்கை. 1977இல் ஜார்ஜ் எங்கெல் உடல், உளம், சமூகம் மூன்றையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும் என்றார். மாத்திரை தூக்கத்தைத் தரும், ஆலோசனை எண்ணச் சுழலை நிறுத்தும். நின்ற கூலிக்கு இரண்டாலும் எதுவும் செய்ய முடியாது.

கேரளத்துக்கு இந்த மூன்றாம் கணக்கு முக்கியம். எழுத்தறிவிலும் ஆயுளிலும் முன்னே நிற்கும் மாநிலத்தில் 2022இல் லட்சம் பேருக்கு 28.5 தற்கொலைகள் பதிவாயின. நாட்டின் சராசரி 12.4. முழுமையாகப் பதிவு செய்வதும் இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு வகிக்கலாம். கடனும் குடியும் குடும்பத் தகராறும் மீதியை விளக்கும். நாடு தழுவி 12 மாநிலங்களில் 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது மனநோய் இருந்ததாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. நோயாளி நகரத்துக்கு வருவதற்குப் பதிலாக மருந்து மலையடிவாரத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தது மாவட்ட மனநலத் திட்டம். கர்நாடகத்தின் பெல்லாரியில் சோதிக்கப்பட்டு 1996இல் நாட்டளவில் தொடங்கியது. கேரளத்தில் முதலில், 1999இல், திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு வந்தது. குறித்த நாளில் வட்டார மருத்துவமனைக்குக் குழு வரும், மாத்திரை இலவசம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் காத்திருப்போரின் வரிசையிலேயே நிற்பதால், எதற்கு வந்தாய் என்று அண்டைவீட்டார் கேட்பதற்கும் ஒரு பதில் கிடைத்துவிடுகிறது.

2018 மே முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் பழைய கேள்விக்கே திரும்புகிறது. ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படி மட்டுமே ஒருவரை மனநோயாளி எனத் தீர்மானிக்க வேண்டும். குடும்பத்தின், சமூகத்தின் ஒழுக்கத்துக்கும் மத நம்பிக்கைக்கும் ஒத்துப்போகவில்லை என்பது காரணமாகாது. சங்கிலியில் கட்டுவதற்கு முழுத் தடை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஆவி புகுந்ததாக உணரும் ஆவேச நிலை அதிலும் ஒரு நோய்தான், ஒரு நிபந்தனையோடு. அந்த நிலை அவர் விரும்பாமல் வந்திருக்க வேண்டும். அவருடைய சமூகமோ மதமோ ஏற்றுக்கொண்ட வழக்கத்தின் பகுதியாக இருக்கக் கூடாது. கொக்கரை ஓசையில் சாமியாடும் ஒருவரை வட்டார மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், மருத்துவர் பெயரெழுதும் முன் அவருடைய ஆட்களிடம் இதைக் கேட்டாக வேண்டும். மலைக்குடியிருப்பில் அதற்குப் பதில் சொல்லத் தகுந்தவர் பெரும்பாலும் பிளாத்திதான்.